கொல்லைக் கதவு

“பொண்டாட்டி போய்ச் சேர்ந்துட்டா. அவ போட்டோ எல்லாம் இதுக்குள்ளதான் இருக்கு. பாஸ்வேர்டு தெரியல.”

லேப்டாப்பை நீட்டியவரின் குரல் தழுதழுத்தது. கம்ப்யூட்டர் மெக்கானிக்குக்கு மனசு இளகிவிட்டது.

லேப்டாப் முழுதாகக் கண் விழிக்கும் முன்பே பூட் மெனுவில் மடக்கிப் பிடித்தார். அங்கிருந்த கட்டளையின் வாலில் ஒரு சொல்லைச் சேர்த்தார். கறுப்புத் திரை எதையும் கேட்காமல் உள்ளே விட்டது. பாஸ்வேர்டை மாற்றினார்.

“வாசலுக்குப் பெரிய பூட்டா போட்டுட்டு, கொல்லைக் கதவைத் திறந்தே வச்சிருக்காங்க சார். இந்த மெனுவுக்கும் பாஸ்வேர்டு போட்டிருந்தா என் பாச்சா பலிச்சிருக்காது.”

“அவ எப்பவுமே அப்படித்தான்.” வந்தவர் முதல்முறையாகச் சிரித்தார்.

போட்டோக்கள் பக்கம் அவர் திரும்பவே இல்லை. நேரே மெயிலைத் திறந்தார். மெக்கானிக் எட்டிப் பார்த்தார். அந்த அம்மா யாருக்கோ எழுதியிருந்தாள்: ‘புது வீட்டுச் சாவி கிடைத்தது. இனி நிம்மதியாகத் தூங்குவேன்.’ கீழே முகவரி. அனுப்பியது இன்று காலை, அவள் மொபைலிலிருந்து.

மெக்கானிக் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தார். “சார்... போட்டோ?”

முகவரியை மொபைலில் படம் பிடித்துக்கொண்டு அவர் எழுந்தார்.

“அப்புறமா வந்து வாங்கிக்கறேன். இன்னும் தேவைப்படல.”