கதவின் உள்ளங்கால்

குளியலறைக்கென்று செய்த வேப்பங்கதவு ஒன்று சுவரில் சாய்ந்து நின்றது. உப்புத்தாள் அதன் உடம்பெல்லாம் தேய்த்து மழமழப்பாக்கியிருந்தது. பிரைமர் அடித்து, பட்டி பார்த்து, மறுபடி தேய்த்த பிறகு, பிரஷ் வந்து நீல பெயிண்டை வழித்து இழுத்தது. ஒரு திட்டுகூட விழவில்லை.

"அண்ணே, என் உள்ளங்கால் வெறும் மரமாவே இருக்கு. அங்கயும் ஒரு இழுப்பு இழுத்துடுங்க" என்றது கதவு.

"தரையோட நிக்கப்போற இடம். அதை எவன் குனிஞ்சு பாக்கப்போறான்?"

"தண்ணி பாக்குமே, அண்ணே."

"முகம் கண்ணாடியாட்டம் இருக்கு. அப்புறம் என்ன" என்று பிரஷ் தின்னரில் குளிக்கப் போய்விட்டது.

கதவை மாட்டினார்கள். வந்தவர்களெல்லாம் தடவிப் பார்த்து மெச்சினார்கள். கீழேயோ, யார் குளித்தாலும் தண்ணீர் ஓடி வந்து காலை நனைத்தது. கதவால் காலைத் தூக்க முடியவில்லை. மழைக்காலத்தில் உப்பிப்போய் தரையை உரசியது. வீட்டார் உதைத்துச் சாத்தினார்கள். அடிப்பக்கம் டீயில் நனைத்த ரஸ்க் போல நைந்து, நீலம் கொப்புளம் கொப்புளமாக எழும்பியது.

ஒருநாள் பிரஷ்ஷின் குரல் கேட்டது. கதவுக்கு உயிர் வந்தது.

"வந்துட்டீங்களா அண்ணே. முதல்ல என்னைக் கழட்டச் சொல்லுங்க."

"எதுக்குக் கழட்டணும்?" என்ற பிரஷ், நின்றவாக்கிலேயே கொப்புளங்களின் மேல் நீலத்தை இழுத்தது. "பாரு, புதுசாயிட்ட."

உள்ளே யாரோ வாளியைக் கவிழ்த்தார்கள்.