முதல் ஊசி

"டாக்டரம்மா, முதல் ஊசி இந்தக் கறுப்பனுக்குத்தான். இவனை வெச்சிருக்கிறது வம்பு" என்றார் ஓடெல்.

அமெரிக்காவின் ஜார்ஜியாவில் ஒரு பண்ணைக் கொட்டகையில் பந்தயம் கட்டி நாய்ச்சண்டை நடத்தியவர்களைப் போலீஸ் பிடித்திருந்தது. நாய்கள் காப்பகத்துக்கு வந்தன. சாதுவானவற்றுக்கு வீடு தேடலாம். மற்ற நாய்களைக் குதறுபவை என்றால் ஊசி போட்டுக் கொன்றுவிட வேண்டும். முடிவு சொல்ல வேண்டியவள் டாக்டர் வெர்னெல். ஓடெல் காப்பகத்தின் நாய் பிடிப்பவர்.

கறுப்பன் கூண்டின் மூலையில் ஒட்டிக்கொண்டு நின்றது. ஒரு காது பாதிதான் இருந்தது. கழுத்து, தோள், முன்னங்கால் எங்கும் தழும்பு.

"எத்தனை சண்டை போட்டிருந்தா இத்தனை காயம்! வந்ததுலேர்ந்து தீனியைத் தொடல. திமிரைப் பாருங்க."

"பக்கத்துக் கூண்டுல யாரு?"

ஓடெலின் முகம் மலர்ந்தது. "ஹனி! நான் வெச்ச பேரு. உடம்புல ஒரு கீறல் உண்டா? என் கையை நக்கியே தேய்ச்சிடுவா. வீட்டுக்குக் கூட்டிட்டு வரேன்னு பொண்டாட்டிகிட்ட சொல்லிட்டேன்."

"வீட்டுல ஏற்கெனவே நாய் இருக்கே?"

"கிழட்டு பீகிள். அதுக்கும் ஒரு துணையாச்சு."

வெர்னெல் தயங்கினாள். பிறகு ஊசியில் மருந்தை ஏற்றிக்கொண்டு கறுப்பனின் கூண்டைத் திறந்தாள். அதே நேரம் ஓடெல், ஹனியைக் காலாற நடத்திவரக் கயிற்றில் கட்டி வெளியே இழுத்தார்.

ஒரே இழுப்பு. கயிறு அவர் கையை விட்டு நழுவியது. குரைப்பு இல்லை, உறுமல் இல்லை. ஹனி நேரே பாய்ந்து கறுப்பனின் கழுத்தைக் கவ்வியது.

"ஐயோ, என் ஹனியைக் கொன்னுடுவான்!" ஓடெல் அலறினார்.

கறுப்பன் எதிர்க்கவே இல்லை. பழகிய வேலைபோல மெல்ல மல்லாந்து படுத்துக்கொண்டது.

ஹனியின் தாடையை நெம்பிப் பிரித்துக் கூண்டில் தள்ளுவதற்குள் இருவருக்கும் மூச்சு வாங்கியது. ஓடெலின் சட்டையெல்லாம் ரத்தம்.

"இவ்வளவு பெரிய உடம்பை வெச்சுக்கிட்டு இவன் ஏன் திருப்பிக் கடிக்கல?"

வெர்னெல் மண்டியிட்டாள். நடுங்கிக்கொண்டிருந்த கறுப்பனின் உதட்டை மெதுவாக விலக்கினாள்.

வாயில் ஒரு பல்கூட இல்லை. குறடு வைத்துப் பல்லைப் பிடுங்கிய ஈறுகள் இன்னும் ஆறவில்லை.

"இவன் ஒரு சண்டைகூடப் போட்டதில்ல, ஓடெல். உங்க ஹனி கடிச்சுப் பழகத்தான் இவனை வெச்சிருந்திருக்காங்க."