அப்பாதான் ரெஃபரி

கண்ணைக் கட்டிவிட்டு அடிக்கச் சொன்னாலும் அண்ணன் அந்தச் சிவப்புப் பந்தை மேசைப் பாக்கெட்டில் போட்டுவிடுவான். அன்றைக்கு அதை உரசக்கூடச் செய்யாமல் விட்டான்.

அப்பா வெள்ளைக் கையுறையை இழுத்துவிட்டுக்கொண்டு, "ஃபவுல். நாலு" என்றார்.

ஸ்நூக்கர் சட்டப்படி அந்த நாலு பாயிண்ட் எதிராளிக்கு, அதாவது என் வீட்டுக்காரருக்கு. ஆனால் அதே மேசையில் அவர் ஆடிக்கொண்டிருந்தது பூல். பூலில் பாயிண்ட் ஏது? நாலும் அந்தரத்தில் நின்றன.

என்ன கூத்து என்கிறீர்களா? அம்மா போன பிறகு அப்பா யாரோடு இருப்பது என்று குடும்பமே கூடிப் பேசியது. "அப்பா என்கூடத்தான்" என்று அண்ணன் மார்தட்டினான். "மாமா எங்க வீட்டுக்குத்தான்" என்று இவரும் விடவில்லை. சித்தப்பா, பெரியப்பா முன்னால் விட்ட வார்த்தையை எவர் திரும்ப வாங்குவார்? ஆடி ஜெயிக்கிறவர் அப்பாவை அழைத்துப்போகட்டும் என்று முடிவாயிற்று.

அண்ணனுக்கு பூல் என்றால் குழந்தை விளையாட்டு. இவருக்கு ஸ்நூக்கர் என்றால் தூக்க மாத்திரை. ஒருவர் ஆட்டத்தை இன்னொருவர் ஆட மாட்டாராம். சரி, ஒரே மேசையில் அவரவர் சட்டப்படி ஆடுங்கள் என்றாகிவிட்டது.

அண்ணனுக்கு ஒரு சிவப்பு, பிறகு ஒரு வேறு நிறம். சிவப்புக்கு ஒன்று, கறுப்புக்கு ஏழு. இவருக்குப் பாயிண்ட்டே கிடையாது. சிவப்பையெல்லாம் தீர்த்த பிறகுதான் கறுப்பு. அதற்கு முன்னால் கறுப்பைப் பாக்கெட்டில் தள்ளிவிட்டால் தள்ளியவர் தோற்றார்.

இரண்டு சட்டமும் தெரிந்த ஆள் எங்களுக்குத் தெரிந்து ஒருவர்தான். ரிட்டயர்டு ரெஃபரி. ஆட்டத்தின் பரிசும் அவரேதான் என்பது யாருக்கும் உறுத்தவில்லை. அவருக்கே உறுத்தவில்லை. கோட்டை மாட்டிக்கொண்டு, துணிப்பெட்டியை ஸ்கோர்போர்டுக்குக் கீழே வைத்துவிட்டு வந்து நின்றார்.

எனக்கு உறுத்தியது வேறு.

ஸ்நூக்கரில் ஃபவுலோடு விஷயம் முடியாது. ஆட்டக்காரன் மனசார முயற்சி செய்யவில்லை என்று பட்டால் ரெஃபரி கூடவே "மிஸ்" என்பார். பந்துகளைப் பழைய இடத்திலேயே வைத்து மறுபடி அடிக்கச் சொல்லலாம். பூல்காரர்களுக்கு அந்தக் கவலை இல்லை, மனசையெல்லாம் யாரும் பார்ப்பதில்லை.

அப்பா "மிஸ்" சொன்னால் சொன்னதுதான். அவருக்குப் பயந்து பெரிய பெரிய ஆட்டக்காரர்களெல்லாம் ஒழுங்காக ஆடியிருக்கிறார்கள். அன்றைக்கு அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வரவே இல்லை. பாவம், பார்வை மங்கிவிட்டது போலிருக்கிறது என்று நினைத்தேன்.

அடுத்து என் வீட்டுக்காரர் குனிந்தார். கியூக் கோலின் நுனிக்குச் சாக் தடவினார், ஊதினார், மற்றப் பந்துகளை அடிப்பதற்கென்றே இருக்கும் வெள்ளைப் பந்தையே நேராகப் பாக்கெட்டில் தள்ளினார்.

பூலில் இப்படித் தப்புச் செய்தால் வெள்ளை அடுத்தவர் கைக்கு வந்துவிடும். மேசையில் எங்கே வேண்டுமானாலும் வைத்து அடிக்கலாம். இதைவிட நல்ல வாய்ப்பு யாருக்கும் கிடைக்காது.

அண்ணன் வெள்ளையைக் கையில் எடுத்துக்கொண்டு மேசையைச் சுற்றிச் சுற்றி வந்தான். கடைசியில் பச்சைப் பந்துக்குப் பின்னால், ஒரு சிவப்பும் கண்ணில் படாத மூலையில் கொண்டுபோய்ச் செருகினான். எதிராளியைத்தான் அப்படி மறைத்துக் கட்டிப்போடுவார்கள். தன்னைத்தானே கட்டிப்போட்டுக்கொண்ட ஆளை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அடப்பாவிகளா! இரண்டு பேருக்குமே ஜெயிக்க வேண்டாம்.

அண்ணனைக்கூட விடுங்கள். என் வீட்டில் என் அப்பா வந்து இருக்கக் கூடாது என்று என் புருஷன் சாக் தடவித் தடவி ஆடிக்கொண்டிருந்தார்.

அண்ணன் ஓங்கி அடித்தான். வெள்ளை நாலு பக்கமும் மோதி, போகிற போக்கில் ஒரு சிவப்பைத் தட்டிப் பாக்கெட்டில் போட்டுவிட்டது. "சனியன்!" என்று தலையில் அடித்துக்கொண்டான்.

சிவப்பு விழுந்தால் அடுத்து வேறு நிறம் அடித்தே ஆக வேண்டும். இருப்பதிலேயே கஷ்டமான இடத்தில், மேசை விளிம்போடு ஒட்டிக்கிடந்த கறுப்பைச் சொன்னான். வேறு எங்கோ பார்த்துக்கொண்டு அடித்தான். கறுப்பு மெதுவாக, ரொம்ப மெதுவாக உருண்டுபோய் மூலைப் பாக்கெட்டில் விழுந்தது.

"போச்சு! கறுப்பு முன்னாடியே விழுந்துடுச்சு, நான் தோத்துட்டேன், அப்பா உங்களுக்குத்தான் மாப்பிள்ளை!" என்று கத்தினான் அண்ணன். பிறந்ததிலிருந்து பூலைக் கேலி செய்தவன்.

"அதெல்லாம் பூல்ல மச்சான். நீங்க ஆடினது ஸ்நூக்கராச்சே, ஏழு பாயிண்ட்! இதுக்கு மேல என்னால முடியாது, நீங்கதான் ஜெயிச்சீங்க" என்று இவர் கை நீட்டினார். ஸ்நூக்கரில் தோல்வியை ஒப்புக்கொள்கிறவர்கள் அப்படித்தான் கை கொடுப்பார்கள். அண்ணன் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டான்.

இரண்டு பேரும் அப்பாவைப் பார்த்தார்கள்.

அப்பா பாக்கெட்டிலிருந்து கறுப்பை எடுத்தார். கையுறையால் துடைத்தார். ஸ்நூக்கர் சட்டப்படி அதை மறுபடி மேசையில் அதற்குரிய இடத்தில் வைக்க வேண்டும், வைக்கவில்லை.

"மிஸ்" என்றார். "முதல் ஷாட்லேர்ந்தே. ரெண்டு பேரும்."

பார்வையில் ஒரு குறையும் இல்லை.

நீட்டிய கை தானாக இறங்கியது. அப்பா ஸ்கோர்போர்டு பக்கம் நடந்தார். நான் முந்திக்கொண்டு போய்ப் பெட்டியைத் தூக்கினேன்.

"நீ ஆட்டத்துலயே இல்லையேம்மா" என்றார். அப்போதும் ரெஃபரிதான்.

"ஆடின ரெண்டு பேரும் ஃபவுல். பூல் சட்டப்படி வெள்ளை இப்ப யார் கைக்குப்பா வரும்?"

சட்டம் கேட்டால் அவரால் பதில் சொல்லாமல் இருக்க முடியாது. "அடுத்து ஆடுறவங்க கைக்கு" என்றார்.

வெள்ளைக் கையுறையோடு அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏய், மாமாவ எங்க கூட்டிட்டுப் போற?" என்று பின்னாலிருந்து என் வீட்டுக்காரரின் குரல் வந்தது.

"எங்க வேணும்னாலும்" என்றேன்.

அப்பா வாசலில் நின்று ஒரு நொடி யோசித்தார்.

"செல்லும்" என்றார்.