சுவருக்குள் ஓர் ஆடு

"ஷ்ஷ்... சத்தம் போடாதம்மா. ஆடு சுவருக்குள்ள இருக்கு."

ஹால் சுவரில் காதை ஒட்டிக்கொண்டு நின்றாள் ஏழு வயது மஹதி. தலைவலி என்று துபாய் ஆபீஸிலிருந்து மத்தியானமே அஜ்மான் வீட்டுக்குத் திரும்பிவிட்ட ஷியாமளா, தானும் சுவரில் காதை வைத்தாள்.

சுவருக்குள் நிஜமாகவே ஓர் ஆடு விக்கியது. தடாலென்று எதுவோ விழுந்தது. மறுபடி விக்கல், கூடவே கிறீச்சிடும் இசை. ஏதோ பழைய கார்ட்டூன்.

"தினமும் வருமா?"

"ஸ்கூல் வேன் விட்டுட்டுப் போனதும், நான் சாவி போட்டு உள்ள வந்து பூட்டிக்குவேன்ல, அப்ப வரும். இப்பப் பாரேன்."

மஹதி சுவரில் மூன்று தட்டு தட்டினாள்.

சுவர் திருப்பி மூன்று தட்டு தட்டியது.

ஷியாமளா மகளை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். பக்கத்து ஃபிளாட்டில் குழந்தையே கிடையாது. பலசரக்குக் கடை சதக்கத்துல்லா மட்டும்தான். எப்போதும் உம்மென்று பார்க்கிற மனுஷன். அவர் வருவதைக் கண்டாலே இவள் லிஃப்டை மூடும் பட்டனை அமுக்கிவிடுவாள்.

"யார் தட்டினாலும் திறக்காதே!" வழக்கம்போல் சொல்லி, மகளை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுப் போய் அவர் கதவை இடித்தாள்.

கைலியோடு திறந்தார். உள்ளே டிவி, சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்தது. எதிரில் பார்க்க ஆளே இல்லை. ஆடு மட்டும் விக்கிக்கொண்டிருந்தது.

"யாருக்குங்க இந்தக் கார்ட்டூன்? போலீஸைக் கூப்பிடட்டுமா?"

"மெதுவாப் பேசுங்கம்மா, புள்ளைக்குக் கேக்கும்." அவர் குரலைத் தாழ்த்தினார். "மத்தியானம் கடையை அடைச்சிட்டு வந்து படுத்தா, பூட்டுன கதவுக்குள்ள உங்க புள்ள தேம்பித் தேம்பி அழும். கதவைத் தட்டிப் பார்த்தேன். பயந்து இன்னும் கத்துச்சு. இந்த ஆட்டுக் கார்ட்டூனைப் போட்டாத்தான் எம் மவ சப்ரீனா சின்னதுல அழுகையை நிறுத்துவா. அதைப் போட்டு டிவியை அந்தப் பக்கம் திருப்பி வச்சேன். உங்க புள்ளையும் நிறுத்திடுச்சு."

"எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"சொல்லத்தான் மூணு தடவை வந்தேன். லிஃப்டை மூடிட்டீங்க."

ஷியாமளாவுக்கு அவமானமாக இருந்தது.

அப்போது சுவருக்கு அந்தப் பக்கமிருந்து மூன்று தட்டு கேட்டது.

"'யாராச்சும் இருக்கீங்களா'ன்னு கேக்குது," என்றார் சதக்கத்துல்லா. "இன்னைக்கு நீங்க பதில் சொல்லுங்கம்மா."