செருப்பு கழற்றும் இடம்

டவுன் பஸ் திரும்பும் இடத்துக்கு அப்பால், ஐயனார் கோயில் காட்டு வாசலில், எரிவாயுக் குழாய்க்கு வழி விடமாட்டோம் என்று உட்கார்ந்தவர்களைப் போலீஸ் கயிறு கட்டி ஒதுக்கியிருக்கிறது. ‘பாதுகாக்கப்பட்ட காடு’ என்ற பலகையில் வெயில் பட்டுக் கண் கூசுகிறது. கயிற்றுக்கு இப்பால், உட்கார்ந்தவர்களோடு ராஜாம்பாள். தட்டாஞ்சாவடியிலிருந்து வந்த லாரியிலிருந்து மரமறுக்கும் ஆட்கள் இறங்குகிறார்கள். லாரிதான் வெளியூர்; ஆட்கள் எல்லாரும் உள்ளூர்க்காரர்கள்தான். வாசல் மரத்து நிழல் தொடங்கியதும், என்றும்போல, செருப்பைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்கள். கடைசியாக அவள் தம்பி செம்மல், தோளில் மிஷின் ரம்பத்தோடு. “யக்கா, செருப்பு கெடக்கு, பாத்துக்க.” “உள்ள போவாதடா.” அவன் அவள் முகம் பார்க்காமல் போகிறான். வெறுங்காலில் சருகு நொறுங்குகிறது. ரம்பம் உறுமுகிறது. வாசல் மரம் ஆடி, முனகி, சாய்கிறது. அதுவரை நிழலில் கிடந்த செருப்புகள்மேல் வெயில் விழுகிறது.