வெட்டிய இருட்டு

மார்ச் 14, வியாழன். இன்று ஒரு சிறிய தவறு செய்துவிட்டேன். மாலை வகுப்பில் உடன் படிக்கும் சற்குணம் அக்கா, மகளின் முதல் பிறந்தநாள் வீடியோவைப் பதினொரு துண்டுகளாகக் கொடுத்திருந்தார். மறுபடி என்கோட் செய்யாமல், அதாவது புதிதாக மாற்றிப் பதியாமல், தரம் குறையாமல் அவற்றை அப்படியே ஒட்டித் தரச் சொன்னார். நான் ஒவ்வொரு துண்டின் தொடக்கத்திலும் இருட்டாக இருந்த சில நொடிகளை வெட்டிவிட்டு ஒட்டினேன். சுத்தமாக வந்ததில் கொஞ்சம் பெருமைகூட.

அக்கா கடைசி வரை பார்த்தார். கேக், பலூன், அழும் குழந்தை.

"எங்க வீட்டுக்காரரக் காணோமே தம்பி?"

"அண்ணன் எதுலயுமே இல்லையேக்கா."

"படம் புடிச்சதே அவருதானே. ஒவ்வொரு தடவையும் லென்ஸ வெரலால மூடிக்கிட்டு, 'சற்குணா, ஓடுதா பாரு'ம்பாரு. நான் திட்டுவேன். அவரு கொரலு வேற எதுலயும் இல்ல தம்பி."

அண்ணன் இறந்து மூன்று வருடமாகிறது. இருட்டில் பேச்சு இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை; ஒலியை அணைத்துவிட்டுத்தான் வெட்டினேன்.

அசல் துண்டுகள் பென் டிரைவில் பத்திரமாக இருக்கின்றன. நாளை ஒலியைத் திறந்து வைத்துக்கொண்டு, பதினொன்றையும் ஒரு நொடிகூட வெட்டாமல் ஒட்ட வேண்டும்.