குழியை மூடப் போன கொம்பன்

"கிழக்குச் சரிவில் வெட்டியிருக்கும் குழியில்தான் உனக்கு முடிவு" என்று பல்லி சொன்னதும் கொம்பன் யானை சிரித்தது. அதன் துணையான பிடியோ குறுக்கே வந்து நின்றது.

"அந்தப் பக்கமே போக வேண்டாங்க" என்று கெஞ்சியது பிடி.

"பயந்து ஒதுங்கினால் கூட்டம் என்னை மதிக்குமா? அந்தக் குழியையே மூடிவிட்டு வருகிறேன்."

கொம்பன் பெரும்பாறைகளை உருட்டிக் குழிக்குள் தள்ளியது. ஒவ்வொன்றும் விழும்போது தரை அதிர, பிடி பின்வாங்கியது.

"பார்த்தாயா?" என்று கொம்பன் திரும்பியபோது, பாறைகள் உருண்டு இளகிப்போயிருந்த விளிம்பு அதன் காலடியில் சரிந்தது; கொம்பன் குழிக்குள் விழுந்தது.

பிடி தும்பிக்கையை நீட்டியது; எட்டவில்லை. தூரத்தில் வேட்டைக்காரர்களின் பேச்சுக்குரல் கேட்டது.

"நம் குட்டிகளைக் கூட்டிக்கொண்டு ஓடிவிடு" என்றது கொம்பன். யாரிடமும் கெஞ்சியறியாத குரல் இப்போது கெஞ்சியது.

பிடி திரும்பிப் பார்க்காமல் ஓடியது.